வேட்டையின் வினை யாரைச் சாரும்?

கொல்லாமை அறங்களுள் எல்லாம் தலையாய அறம் என்பது சைவ நன்மக்கள் அனைவர்க்கும் ஒப்ப முடிந்த கொள்கையாம். இதன்கண் ஐயப்பாட்டிற்குச் சிறிதும் இடம் இன்று. ஆயினும், ஓர் அறத்தை ஒப்புக்கொள்வது வேறு. அவ்வறத்தினின்று வழுவினார் இன்னார் என அளந்து கூறுவது வேறு. முன்னது எளிது, பின்னது அரிது. சிங்கத்தையும் யானையையும் எதிர்நின்று வேட்டையாடுதலையே வழிவழி வந்த தொழிலாகக் கொண்ட மாந்தர் ஆப்பிரிக்கக் கண்டத்தில் பலர் இருந்தனர். இன்னும் சிலர் உளர். தமிழகத்தும் வேடர் மரபினர் உளர். அவரது வேட்டையில் விளையும் வினை அவரை மட்டுமே சாருமோ, பிறரையும் சாருமோ என்பது எளிதில் விடுக்கத்தக்க வினா அன்று.

இவ்வினாவிற்கு விரைந்து விடை கூறுவார் இருதிறத்தர். ஒரு திறத்தார், “கொன்றவன் பாவி, அவன் கொன்றது பசியாலோ விளையாட்டாலோ என்று ஆராய்தல் வேண்டா” என்பர். மற்றொரு திறத்தார், “அஃது அவர் குலவொழுக்கம், குலவொழுக்கத்தில் பாவம் இல்லை” என்பர். இவ்விரண்டும் சித்தாந்த நெறிக்குப் பொருந்தா. என்னை? முன்னவர் கூற்று மெய்யாயின் காளத்தியப்பர் வேடர் ஒருவரைத் தம் வலப்பக்கத்தே நிற்கப் பணித்தது பொருந்தாது போம். பின்னவர் கூற்று மெய்யாயின் கொல்லாமை என்னும் அறம் சில குலத்தார்க்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிப் போம். ஆகலின், இரண்டிற்கும் இடைப்பட்ட உண்மையை நாடுதல் கடனாகின்றது.

இந்நாட்டத்திற்குத் துணை செய்வார் பூந்தமல்லிக்கு அணித்தே உள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமானே ஆவர். தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் வேளாளர் குலத்துப் பிறந்து, 12ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனுக்கு அமைச்சராய் அமர்ந்த அப்பெருமான், திருத்தொண்டர் புராணத்துள் கண்ணப்ப நாயனார் வரலாற்றைக் கூறுமிடத்து வேட்டையை ஒரு சொல்லில் கடந்து சென்றாரல்லர். வலை கட்டுதலும், நாய்களை ஏவுதலும், பறை முழக்கி விலங்குகளை எழுப்புதலும், அம்பு பட்ட விலங்குகள் வீழ்தலும் ஆகிய அனைத்தையும் கண்ணெதிரே காட்டுகின்றார். புலால் உண்ணாக் குலத்திற் பிறந்த ஒருவர் வேடர் தொழிலை இத்துணை விரிவாக, இகழ்ச்சிச் சொல் ஒன்றும் இன்றிக் கூறியது ஊன்றி நோக்கத்தக்கது.

அவ்வேட்டையில் ஒன்று தனித்து விளங்குகின்றது. அவ்வேடர் யானைக் கன்றுகளைத் தொடரார். விலங்கின் சிறு குட்டிகளைக் கொல்லார். கருவுற்று அடிதளர்ந்த பெண்மான்களை வருத்தார் என்று சேக்கிழார் எடுத்தோதுகின்றார். வேட்டை நடக்கும் பொழுதிலேயே ஓர் எல்லையும் நடந்துகொண்டிருக்கின்றது. கொல்லும் கை தான் கொல்லத்தகாதது இன்னது என்றும் அறிந்திருக்கின்றது. அறிவே இல்லாதார் என்று வேடரைக் கருதுவார்க்கு இஃது ஒன்றே போதிய விடையாம். கொல்லாமையின் முழுமை அவரிடத்து இல்லை என்பது உண்மை. ஆயினும் அதன் வித்து அவரிடத்து உண்டு. அவ்வித்தே பின்னர்த் திண்ணனார்பால் முளைத்து வளர்ந்து மரமாயிற்று.

இனி, ஆப்பிரிக்க வேட்டுவர் செய்தியை நோக்குதல் தகும். தென்னாப்பிரிக்கப் பகுதியில் கலகாரி என்னும் வறண்ட நிலத்தில் வாழும் சான் மக்கள் சிறு வில்லும் மெல்லிய அம்பும் உடையர். ஒருவகை வண்டின் புழுவினின்று எடுத்த நஞ்சை அம்பிற் பூசி, எருதினும் பெரிய மான்களையும் ஒட்டைச்சிவிங்கியையும் எய்வர். அந்நஞ்சு உடனே கொல்லாது, விலங்கு ஓடும், வேடன் அதன் அடிச்சுவட்டைப் பற்றி ஒருநாளோ பலநாளோ பின்செல்வான். அம்மக்களிடத்து ஒரு வழக்கம் உண்டு. பெரிய விலங்கை வீழ்த்தி வந்தவனை ஊரார் புகழார், “இஃது என்ன எலும்புக்கூடு! இதற்காகவா எம்மை இவ்வளவு தொலைவு நடக்கச் செய்தாய்?” என்பது போலத் தாழ்த்தியே பேசுவர். வேடனும் தன் வேட்டையைத் தாழ்த்தியே கூறுவான். அன்றியும், இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கு உரியதன்று. அம்பிற்கு உடையவன் எவனோ அவனுக்கே உரியது. அம்பு பெரும்பாலும் பிறரிடம் பெற்றதாகவே இருக்கும். வெற்றியால் ஒருவன் உள்ளத்தில் செருக்கு ஏறிவிடின் ஊர் கெடும் என்று அஞ்சியே இவ்வாறு செய்வர் என அவருடன் வாழ்ந்து ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

காங்கோ நாட்டின் இட்டூரிப் பெருங்காட்டில் வாழும் எம்புட்டி மக்கள் உருவிற் சிறியர். அவருட் சிலர் யானையை வேட்டையாடுவர். யானையின் சாணத்தை மேலெல்லாம் பூசித் தம் மணத்தை மறைத்து, ஒற்றை ஈட்டியுடன் அதன் அடிவயிற்றுக்குக் கீழே புகுந்து குத்தி, அது திரும்புமுன் ஓடி மறைவர். ஒருகணம் தாழ்ப்பின் மாள்வது வேடனே. வீழ்ந்த யானையின் ஊன் அவனது கூட்டம் முழுமைக்கும் உணவாகும்.

கீழ்க்கரையை அடுத்த கெனியா, தான்சானியா நாடுகளில் ஆநிரை மேய்க்கும் மாசாய் மக்களின் வேட்டை வேறு வகையது. அவர் காட்டு விலங்கின் ஊனைப் பெரும்பாலும் உண்ணார். பசுக்களின் பாலே அவர்க்கு உயிர். பசுவைக் கொன்ற சிங்கத்தைப் பழிவாங்கவும், இளைஞன் தன் ஆண்மையை நிலைநாட்டவும் அவர் நெடிய வேலும் தோற்கேடயமும் ஏந்திக் காலால் நடந்துசென்று சிங்கத்தைச் சூழ்வர். முதல் வேலை எறிந்தவனுக்குச் சிங்கத்தின் பிடரிமயிரும் புதிய பெயரும் பரிசாம். அப்பெயர் அவன் உள்ளளவும் நிற்கும்.

இம்மூன்றையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். கொலை என்னும் புறச்செயல் மூன்றிடத்தும் ஒன்றே. அகத்தே நிகழ்வது ஒன்றன்று. சான் மக்களின் வேட்டையில் பசி உண்டு, செருக்கு அடக்கப்படுகின்றது. எம்புட்டியரின் வேட்டையில் பசியும் உயிரச்சமும் உண்டு. மாசாய் வேட்டையில் பசி இன்று. ஆநிரையைக் காக்கும் கடன் ஒருபால், புகழை நாடும் வேட்கை ஒருபால். “யான், எனது” என்னும் முனைப்பு எவ்வளவிற்று ஏறுகின்றதோ அவ்வளவிற்று வினையும் உரம் பெறும் என்பது சித்தாந்தம். ஆகவே, வேட்டை என்னும் ஒரு பெயரால் இவை அனைத்தையும் ஒரு தட்டில் இட்டு நிறுத்தல் ஆகாது.

அற்றேல், பசிக்காகக் கொன்றார்க்கு வினையே இல்லை எனலாமோ எனின், ஆகாது. விலங்கும் ஓர் ஆன்மா. அதுவும் பாசத்தாற் கட்டுண்டு தன் நுகர்வினையை நுகர்ந்து கழிக்க உடம்பு பெற்றது. அவ்வுடம்பை இடையே பறித்தல் அதற்கு ஊறேயாம். இதனை விளக்க ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் தலவரலாறு ஒன்றே சாலும். குறும்பரோடு பொருது தளர்ந்த தொண்டைமான் அவ்வழியே செல்லுங்கால் அவன் ஊர்ந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. கொடியை அறுக்க அவன் வாளை வீசினான். கொடியடியில் குருதி பெருகிற்று. குனிந்து நோக்கியவன் சிவலிங்கத் திருமேனியில் வாள் பட்டிருத்தலைக் கண்டு, தன் கழுத்தையே அரியத் துணிந்தான், இறைவர் தடுத்தாட்கொண்டார். மாசிலாமணி ஈசர் திருமேனி இன்றும் சந்தனக் காப்புடனேயே விளங்குகின்றது.

தொண்டைமான் யாரையும் கொல்ல நினைந்தானல்லன். கொடியை அறுத்தானே யன்றி வேறு குற்றம் அறியான். எனினும் குருதி குருதியே. “அறியாது செய்தேன்” என்று அவன் தன்னைக் காத்துக்கொள்ளாது, தன் கழுத்தில் வாளை வைத்தான். கண்ணுக்குப் புலப்படாத இடத்தும் இறைவன் உறைகின்றான் என்பதும், அறியாது செய்த ஊறும் ஊறே என்பதும், அதனை உணர்ந்து உருகுதலே அருளுக்கு வாயில் என்பதும் அத்தலம் உணர்த்தும் பொருள்களாம். யானை மேலிருப்போன் தன் யானையின் காற்கீழ் யாது உள்ளது என்று காண்பதரிது. உயர்ந்த இடத்தில் இருப்போர் செய்யும் ஊறு பெரும்பாலும் இத்தன்மையதே.

இனி, கொன்றவனை மட்டுமே வினை சாருமோ என்னும் தலைமை வினாவுக்கு வரலாம். வினையானது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. மனத்தாற் செய்தது வெறும் நினைவாய் ஒழிந்துபோகாது. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் கல்லும் மரமும் இன்றி உள்ளத்திலேயே கோயில் எடுத்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோனைக் குடமுழுக்கு நாளை மாற்றிக்கொள்ளப் பணித்துவிட்டு இறைவர் அம்மனக்கோயிலில் எழுந்தருளினார். மனத்தால் எடுத்த கோயில் கோயிலாகுமாயின், மனத்தால் விரும்பிய கொலை கொலையாகாதோ? புண்ணியத்தின்கண் மனச்செயலை மெய்யென்று ஏற்றுப் பாவத்தின்கண் அதனைப் பொய்யென்று தள்ளுதல் நடுவுநிலை அன்று. தின்பார் இல்லையேல் விலைக்கு ஊன் விற்பாரும் இல்லை என்று திருவள்ளுவனார் காட்டிய நியாயமும் இதுவே.

இந்நியாயத்தை ஆனைத்தந்தத்தின்மேல் வைத்து நோக்குக. கெனியா நாட்டில் சாவோ என்னும் பகுதியில் வாழ்ந்த வாட்டா மக்கள் மிக வலிய நெடுவில் ஏந்தி, ஒருவகை மரத்தின் நஞ்சு பூசிய அம்பால் யானையை வீழ்த்துவதில் வல்லவர். அவர்க்கு வேண்டியது ஊன். தந்தம் கடற்கரை வணிகர்க்குச் சென்றது. 1948இல் சாவோ விலங்குக் காப்பகமாக்கப்பட்டது. 1950களின் இடையில் நிகழ்ந்த தடுப்பு நடவடிக்கையில் அம்மக்களுட் பலர் சிறை புகுந்தனர். தந்தத்தை விரும்பி வாங்கிய தொலைநாட்டார் எவரும் அதற்காகச் சிறை புகுந்திலர். அத்தொலைநாடுகளுள் பாரத நாடும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார் துறையினின்று ஏற்றப்பட்ட தந்தத்தில் பெரும்பங்கு பம்பாய்த் துறையில் வந்திறங்கிற்று. அதிற் சில மேனாடுகளுக்குச் சென்றன. சில இந்நாட்டு மணமகளிர் கைகளில் வளையல்களாயின. ஊன் உண்ணாக் குடும்பங்களிலும் அவ்வளையல் மங்கலப் பொருளாய் அணியப்பட்டது. வில்லை வளைத்த கை ஆப்பிரிக்காவில் இருந்தது. அக்கையை வளைத்த ஆசை கடல் கடந்து இருந்தது. உலகநாடுகள் கூடித் தந்த வாணிகத்தைத் தடுக்க முடிவு செய்தது 1989இல்.

புலித்தோலின் செய்தியும் இத்தகையதே. தவம் செய்வார்க்குப் புலித்தோலும் மான்தோலும் இருக்கையாகச் சொல்லப்பட்டமையின், அவற்றை விலைகொடுத்து வாங்கிப் பூசையறையில் விரித்தல் சைவர் சிலர்க்கும் வழக்கமாயிருந்தது. அரசரும் ஆங்கில ஆட்சியாளரும் பொழுதுபோக்காகப் புலிகளைச் சுட்டு வீழ்த்தினர். 1972இல் நாடெங்கும் எண்ணியபோது புலிகள் 1,827 எனக் கணக்கிடப்பட்டன. அவ்வாண்டிலேயே காட்டுயிர்க் காப்புச் சட்டம் பிறந்தது. 1973இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கிற்று. துப்பாக்கி ஏந்தியவன் சுட்டான். தோலை விரித்து அமர்ந்தவன் கண்மூடிச் சிவத்தை நினைந்தான். கண் மூடியமையால் வினை மறையுமோ?

ஈண்டு ஒரு தடை எழும். “சிவபிரானே புலித்தோலை உடுத்தும், யானைத்தோலைப் போர்த்தும் அருளினார் அன்றோ? சிவஞானசித்தியார், தக்கன் செய்த வேள்வி தீமையாய் முடிந்ததையும், சண்டேசர் தந்தையின் தாளை எறிந்தது நன்மையாய் முடிந்ததையும் ஒருங்கு வைத்துக் காட்டவில்லையோ? சிவனுக்கென்று செய்யப்படுவது பாவமாயினும் அறமாகும் எனின், சிவபூசைக்கென்று புலித்தோல் கொள்வது யாங்ஙனம் குற்றமாகும்?” என்பர்.

இதற்கு விடை வருமாறு. இறைவர் புலியைத் தேடிச் சென்றிலர். தாருகவனத்து முனிவர் தம் முனைப்பால் ஏவிய புலியே அவரை நாடி வந்தது. யானையும் அங்ஙனமே வந்து தாக்கிற்று. உயிர்களின் செருக்கு உருக்கொண்டு எதிர்த்தபோது அதனை உரித்து அடக்கியமையே ஆண்டுக் குறிக்கப்படும் பொருள். காட்டில் தன் குட்டிக்குப் பாலூட்டி நிற்கும் புலியை விலைபேசிக் கொல்வித்தலுக்கு அஃது ஒரு சான்றாகாது. சண்டேசரும் தமக்கென ஒரு பயன் கருதிச் செய்திலர். பூசையின்கண் தம்மை மறந்து நின்றவர் அவர். “இது சிவனுக்கு, ஆதலின் எனக்குப் பாவம் வாராது” என்று எண்ணிப் பார்ப்பவன் தன்னை மறந்தவன் அல்லன், தன்னையே நினைந்தவன். அவ்வெண்ணம் எழுந்த கணமே சித்தியார் கூறும் நிலை அவனை விட்டு அகன்றது என்க.

கண்ணப்பர் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். அவரும் இறைவர்க்கென்றே விலங்குகளைக் கொன்று ஊன் கொணர்ந்தார். அதனைக் கண்ட சிவகோசரியார் மனம் வெதும்பினார். அவ்வூனை ஏற்ற இறைவர் வரலாற்றை அவ்வளவில் நிறுத்திவிடவில்லை. ஆறாம் நாள் தம் வலக்கண்ணில் குருதி பெருகச் செய்தார். பச்சிலை மருந்துகள் பயன்படாதொழிய, ஊனுக்கு ஊனே மருந்து என்னும் பழஞ்சொல் நினைவுக்கு வரப்பெற்ற திண்ணனார் அம்பால் தம் கண்ணையே அகழ்ந்து அப்பினார். அன்றுவரை பிறவுயிரின்மேற் சென்ற அம்பு அன்று தம்மேல் திரும்பிற்று. வேட்டுவர் கண்ணப்பரானது ஊன் கொடுத்த ஐந்து நாளில் அன்று. தம் ஊன் கொடுத்த ஆறாம் நாளில். பிறிதோருயிரின் தோலை விலைக்கு வாங்கி இறைவன் பெயரால் விரிப்பவன் அவ்வைந்து நாளையும் எய்திலன். ஆறாம் நாளையோ அறியான்.

மேலும் ஒன்று. திண்ணனார் வில்லை முறித்து எறிந்தபின் அருள் பெற்றாரல்லர். வேடர்க்குரிய அஞ்சாமையும், இரவெல்லாம் விழித்துக் காக்கும் திறமும், குறிதவறாக் கையுமே அன்பிற்குக் கருவியாயின. திறம் அழியவில்லை, அதன் நோக்கு மாறிற்று. சிவஞானபோதம் எட்டாம் சூத்திரம், ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசன் மகனாக ஆன்மாவை உவமிக்கின்றது. அவனைத் தந்தை வந்து “நீ என் மகன்” என்று உணர்த்துங்கால், வேடரிடம் கற்ற வில்திறம் அவனை விட்டுப் போவதில்லை. போவது மயக்கமே. ஆகலின், வேட்டுவரைத் திருத்துவது எவ்வாறு என்று கேட்பார்க்கு, அவர் திறத்தை இகழாது அதன் நோக்கை மாற்றுக என்பதே சித்தாந்தம் தரும் விடையாம்.

இது நூலளவில் நின்ற கருத்து அன்று என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளில் ஏரிக்கரைகளையும் காட்டோரங்களையும் அடுத்து வாழும் இருளர் வழிவழியாகப் பாம்பும் எலியும் பிடிக்கும் மக்கள். யானையும் புலியும் இல்லாத இச்சமவெளியில் எஞ்சிய கொடிய உயிர் பாம்பே யாதலின், அவரது வேட்டை பாம்பு வேட்டையாயிற்று. மண்ணிற் படிந்த சிறு தடத்தைக் கொண்டே இன்ன பாம்பு, இவ்வழிச் சென்றது என்று அவர் அறிவர். அத்திறத்தைத் தோல்வணிகர் விலைக்குக் கொண்டனர். பாம்புத்தோல் தொலைநாடுகளில் கைப்பையும் காலணியும் ஆயிற்று. இருளர்க்குக் கிடைத்தது சிறு கூலி. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அவ்வாணிகம் தடைப்பட்டது. தடை பாம்பைக் காத்தது. பாம்பு பிடித்தவன் வயிற்றைக் காக்கவில்லை.

1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. கிழக்குக் கடற்கரையில் வடநெம்மேலியில் அது தொழில் நடத்துகின்றது. அரசின் உரிமம் பெற்று நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நால்வகைப் பாம்புகளைப் பிடித்து வருவர். மூன்று வாரம் அளவில் மட்பானைகளில் வைத்து, நான்கு முறை நஞ்சு எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டுக் காட்டிலே மீள விடுவர். அந்நஞ்சை உலர்த்திப் பொடியாக்கி மருந்து செய்வார்க்கு அனுப்புவர். அவர் அதனைச் சிறுகச் சிறுகக் குதிரைகட்கு ஏற்றி, அவற்றின் குருதியினின்று நஞ்சுமுறி மருந்து எடுப்பர். குதிரைக்கும் பாம்புக்கும் இதனால் சிறிதும் துன்பம் இல்லை என்று கூறுதல் பொய்யாகும். ஆயினும், 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் ஆண்டொன்றிற்குச் சராசரி 58,000 பேர் பாம்பு கடித்து மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அவருட் பெரும்பாலார் கழனியில் உழைக்கும் ஏழை மக்கள். அவ்விடத்தில் ஊனுக்கு ஊன் போல, நஞ்சுக்கு நஞ்சே மருந்தாய் நிற்கின்றது. 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர்க்கு நடுவணரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

கடல் கடந்த மாசாய் நாட்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. கெனியாவின் அம்போசெலிப் பகுதியில் 2007இல் சிங்கக் காவலர் என்னும் அமைப்புத் தோன்றிற்று. சிங்கத்தைக் கொன்று புகழ் பெற்ற இளைஞரையும் அவ்வமைப்புக் காவலராக்கிற்று. முன்னர்க் கொல்வதற்காக அடிச்சுவடு பற்றியவர், இப்பொழுது சிங்கம் வரும் திசையை ஆநிரை மேய்ப்பார்க்கு முன்னறிவிக்க அடிச்சுவடு பற்றுகின்றனர். முன்னர்ச் சிங்கத்தைக் கொன்றவன் அதனால் தான் ஒரு பெயர் பெற்றான். இப்பொழுது காவலன் சிங்கத்திற்கு ஒரு பெயர் இடுகின்றான். பெயர் பெற்றவன் பெயர் கொடுப்பவன் ஆயினான். “யான்” என்னும் முனைப்புத் தேய்ந்து, பிறிதோருயிரைத் தன்னோடு ஒப்ப மதிக்கும் அறிவு அவ்விடத்தே தோன்றிவிட்டது. பெயரிட்டு அழைத்த உயிரை வேலால் குத்தக் கை எழாது.

வேடர் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, வேடரல்லாதார் நிலை யாது? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகள் முன்னர் ஏரிகளும் கழனிகளும் நிறைந்தவை. 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தது. பின்னர் வீடுகள் பெருகின. வளைகளும் புற்றுகளும் இருந்த நிலத்தில் இன்று மனிதர் குடியிருக்கின்றனர். மழைக்காலத்தில் நீர் ஏறியவழி இடம் இழந்த பாம்பு வீட்டுப் புறக்கடையில் தோன்றும். உடனே கூச்சல் எழும், தடி எழும். அடிபட்டுச் சாவது பெரும்பாலும் நஞ்சில்லாச் சாரையோ தண்ணீர்ப்பாம்போ ஆகும். அடித்தவர் ஊன் தொடாதவராகவும் இருத்தல் கூடும். அவரே வெள்ளிக்கிழமையில் திருவேற்காட்டில் கருமாரியம்மை புற்றுக்குப் பால் வார்த்தவராகவும் இருத்தல் கூடும்.

திருவேற்காடு விடந்தீண்டாப் பதி எனப் போற்றப்படுவது. அவ்வூரில் பாம்பு மனிதரைத் தீண்டாது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு மறுபுறம் ஒன்று உண்டு: அவ்வூரில் மனிதரும் பாம்பைத் தீண்டலாகாது என்பதே அது. குன்றத்தூரில் சேக்கிழார் எடுப்பித்த கோயிலுக்கும் திருநாகேச்சரம் என்றே பெயர். நாகத்தைத் திருமேனியில் அணிந்த பெருமானை வழிபட்டு, நாகத்தைத் தெருவில் அடித்துக் கொல்வார்க்கும், பசித்த கூட்டத்திற்காக யானையின்கீழ் ஈட்டியுடன் புகும் எம்புட்டி வேடனுக்கும் உள்ள வேறுபாடு யாது? வேடன் தன் உயிரைப் பணயம் வைத்தான், பசி தீர்த்தான். இவர் அவ்விரண்டும் இலர். அச்சம் ஒன்றே இவரை ஏவிற்று. அச்சத்தினின்று அறியாமையே கொலை செய்தது. அறியாமையோ ஆணவத்தின் முதற்குறி.

அச்சம் வந்தவழிச் செய்யத்தக்கது அரிதன்று. விலகி நின்று, தீயணைப்புப் படையினர்க்கோ வனத்துறையினர்க்கோ அறிவித்தல் ஒன்றே வேண்டுவது. அவர் வந்து பிடித்துச் சென்று காட்டில் விடுவர். சட்டமும் இதனையே விதிக்கின்றது. சட்டத்திற்கு முன்னரே சைவம் இதனை விதித்தது.

இன்னும் நுணுகி நோக்கின், ஊன் உண்ணாதார் கலத்திலிடும் சோறும் வேட்டையோடு தொடர்பற்றதன்று. நெல்வயலில் கதிரை அறுக்கும் எலியை வளை தோண்டிப் பிடித்து அந்நெல்லைக் காத்தவருள் இருளரும் ஒருவர். அவர் பிடித்த எலி அவர்க்கு உணவாயிற்று. அவர் காத்த நெல் பிறர்க்கு உணவாயிற்று. உண்டவர் தூயர், காத்தவர் தாழ்ந்தவர் எனல் எவ்வாற்றான் பொருந்தும்? இதனால் புலால் மறுத்தல் வீண் என்பது கருத்தன்று. புலால் மறுத்தல் சிறந்த நோன்பே. அந்நோன்பு பிறரை இகழும் கோலாக மாறுமாயின், விட்ட ஊனினும் பெரிய மலத்தை அஃது உள்ளே ஏற்றிவிடும் என்பதே கருத்து. சான் மக்கள் பெரிய மானை வீழ்த்தியவன் செருக்கை அடக்க அறிந்திருந்தனர். நோன்பு நோற்றவன் செருக்கை அடக்க அறிந்தவர் சைவருள் எத்துணையர்?

இதுகாறும் கூறியவாற்றான், வேட்டையின் வினை வேடனைச் சார்வது உண்மையே என்பதும், அவனது பசியும் அடக்கமும் அதன் உரத்தைக் குறைக்குமே யன்றி அழித்துவிடா என்பதும், கொன்ற பொருளை விரும்பினாரும் வாங்கினாரும் அணிந்தாரும் விரித்தாரும் மனம் வாக்குக் காயங்களால் அவ்வினையிற் பங்குடையர் என்பதும், இறைவன் பெயரைச் சொல்லி அப்பங்கை நீக்கிக்கொள்ளல் இயலாது என்பதும், வேடனது திறம் அன்பின்பால் திரும்புமாயின் அதுவே அருட்கருவி ஆகும் என்பதும் விளங்கும்.

ஆகவே, வேடனைச் சுட்டிக் கை நீட்டுமுன், வீட்டில் உள்ள தந்தச் சிமிழையும், பூசையறைத் தோலையும், வாசற்புறத்துச் சார்த்திய தடியையும் ஒருமுறை திரும்பி நோக்குதல் சைவ நன்மக்கட்குக் கடனாம். காளத்தி மலையில் வலப்பக்கத்தே நிற்பவர் வேடர் என்பதை மறவாதிருத்தல் அதனினும் பெருங் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.